எண்ணெய் வடிக்கும்போது போன் வந்தால்

ஏழாவது கேள்வி இது: எண்ணெய் வடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் என்ன செய்வீர்கள்?

இதை எனக்குக் கொடுத்தவர் என் அக்கா புருஷன். மீன் உறையவைக்கும் தொழிற்சாலை ஒன்றின் குளிர்நிலையத்தில் அவர்தான் தலைமை ஆபரேட்டர். நான் அதே கம்பெனியின் அலுவலகத்தில், நகரத்தின் மறுகோடியில், இணையம் வழியாக ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். அதற்கு முன்பு அவருக்குக் கீழே நான்கு மாதம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். தாக்குப்பிடிக்க முடியாமல் ஓடிவந்துவிட்டேன். இந்த நாற்காலியும் அவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்ததுதான்.

"ஆள் எடுக்கறேன்னு எவனையாவது கொண்டுவந்து என் தலையில கட்டிடாதே மாப்ள," என்றார் மாமா. "நான் சொல்ற பத்து கேள்வியைக் கேளு. ஏழாவதுக்குச் சரியா சொல்றவன் உள்ளே வரட்டும். மத்தவன் வீட்டுக்குப் போகட்டும்."

குளிர்நிலையம் என்றால் அமோனியா. அது குழாய்களில் சுற்றிச் சுற்றி வந்துதான் மீனை உறையவைக்கிறது. கம்ப்ரசரின் எண்ணெய் கொஞ்சம் அதோடு கலந்துபோய்த் தொட்டியின் அடியில் தங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை அதை வாளியில் வடித்தெடுக்க வேண்டும். வடிக்கும் வால்வுக்கு ஸ்பிரிங் வைத்த கைப்பிடி. இழுத்துப் பிடித்தால் திறக்கும், கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். எண்ணெய் தீர்ந்த அடுத்த நொடி அதே வாயிலிருந்து அமோனியா வரும். முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. ஒரு மூச்சு உள்ளே போனால் தொண்டை பூட்டிக்கொள்ளும். கண் வெந்துவிடும். அந்த அறைக்கும் பாக்கிங் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கூடத்தில் நாற்பது பெண்கள். அதில் ஒருத்தி என் அக்கா.

"பொண்டாட்டி செத்துட்டாள்னு போன் வந்தாலும் கையை எடுக்கக் கூடாது. இதான் பதில், அப்படியே எழுதிக்கோ," என்றார் மாமா.

அக்கா தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "நான் போன் எல்லாம் பண்ண மாட்டேன். செத்தா நேராவே வந்து சொல்றேன்," என்றாள்.

எழுதிக்கொண்டேன். அலுவலகத்துக்குப் போனதும் மென்பொருளில் கேள்விகளைத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு என்று இருந்த கட்டத்தில் மாமாவின் பதிலை அவர் சொன்னபடியே தட்டினேன். மார்க் போடும்போது எனக்கு வசதியாக இருக்கும் என்று.

விளம்பரத்தை வேலைத் தளத்தில் ஏற்றினேன். விண்ணப்பங்கள் கொட்டின. யாரையும் நேரில் வரச் சொல்வதில்லை. அவரவர் வீட்டிலிருந்தே கேமரா முன் உட்கார வேண்டியதுதான். திரையில் ஒவ்வொரு கேள்வியாக வரும், பதில் சொல்ல ஒரு நிமிடம். அது பதிவாகி என்னிடம் வரும். நான் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்து மார்க் போடுவேன்.

முதல் வாரம் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். எங்கள் மேலாளருக்கு அது பொறுக்கவில்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் எண்ணிக்கை. எதைச் சொன்னாலும் எத்தனை என்றுதான் கேட்பார். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதையேதான் கேட்பார். அங்கே மட்டும்தான் அது பொருத்தமான கேள்வி.

"நூத்துக்கு நாப்பது பேர்கூட முழுசா முடிக்கலை," என்றார். "பக்கத்து டீம்ல எம்பது. நீ ஆள் எடுக்கறியா, ஆள் துரத்தறியா?"

அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'விண்ணப்பதாரர் தயாராக வர உதவுங்கள்' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. டிக் செய்தேன். எதை அனுப்பும், எவ்வளவு அனுப்பும் என்று பார்க்கவில்லை. அடுத்த வாரம் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பத்துக் கேள்வியையும் முடித்தார்கள். எண்ணிக்கை என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரத்துப் பதிவுகளில் இரண்டு எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன.

ஒருவர் வயதானவர். தடித்த கண்ணாடி, பின்னால் கொடியில் காயும் துணி. ஏழாவது கேள்வி வந்ததும் அரை நிமிடம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு, "அந்த ரூம்ல போன் எதுக்குங்க? மொதல்ல அதைக் கழட்டி வெளியில மாட்டுங்க. அப்புறம் வால்வைத் தொடலாம்," என்றார். கேள்விக்குப் பதில் இல்லை என்று எழுதிப் பூஜ்யம் போட்டேன்.

இன்னொருவன் இளைஞன், பச்சைச் சட்டை. எந்தக் கேள்விக்கும் தயங்கவில்லை. கண் மட்டும் இடமிருந்து வலமாகப் போய்ப் போய்த் திரும்பியது. பதற்றம் போல என்று நினைத்தேன். ஏழாவதுக்குச் சொன்னான்: "பொண்டாட்டி செத்துட்டாள்னு போன் வந்தாலும் கையை எடுக்க மாட்டேன் சார்."

நான் சிரித்தேன். மாமாவுக்கு ஏற்ற ஆள்தான் என்று நினைத்தேன். அவன் படிவத்தில் மணமாகாதவர் என்று இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு முழு மார்க் போட்டேன்.

அவன் வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆனது. மாமா வீட்டுக்குப் போனபோது, "பரவாயில்ல மாப்ள, பையன் வாய் கொஞ்சம் நீளம், ஆனா விஷயம் தெரிஞ்சவன்," என்றார். அக்காவும், "உன் தம்பி உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கான்னு தினம் சொல்லிக் காட்டறார்டா," என்றாள். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது வாரம் காலை பதினொன்றரை மணிவாக்கில் என் மேசைத் தொலைபேசி அடித்தது. அந்த வயதானவர்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஏன் வேலை கிடைக்கலைன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"மார்க் குறைவா இருந்துச்சு ஐயா."

"சரிதான். நீங்க அனுப்பின பதிலைப் பாத்துப் படிச்சிருந்தா நானும் மார்க் வாங்கியிருப்பேன். வெக்கமா இருந்துச்சு. முப்பது வருஷம் இந்த வேலை பாத்தவன், ஒப்பிக்கவா முடியும்?"

"என்ன பதில்?"

"கேள்வியோட பதிலையும் சேத்து மெயில்ல அனுப்பியிருந்தீங்களே. எல்லாருக்கும் வந்திருக்கும்ல? எவனோ பொண்டாட்டி சாகறதைப் பத்திக்கூட எழுதியிருந்தான்."

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன்.

அனுப்பிய மெயில்களைத் திறந்தேன். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் மாமாவின் பதில், என் விரலால் தட்டியது, ஒரு எழுத்துக்கூட மாறாமல். நான் போட்ட அந்த டிக், குறிப்பையும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேருக்கு அனுப்பியிருந்தது. பச்சைச் சட்டையின் சான்றிதழைத் திறந்து பார்த்தேன். பயிற்சி நிலையத்தின் முத்திரை இருந்த இடத்தில் ஒரு மங்கலான வட்டம். அந்த நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவன் அந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறான்.

மாமாவின் கைபேசிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது, எல்லாம் வாசலில் பெட்டியில் கிடக்கும். அக்காவுடையதும் அங்கேதான் கிடக்கும். வாசல் காவலருக்கு அடித்தேன்.

"அவரா? உறைஅறையில காத்தாடி ஓடலைன்னு உள்ளே போயிருக்கார். வந்தா சொல்றேன்."

"இப்பவே போய்ச் சொல்லுங்கண்ணே. புதுப் பையனைத் தனியா விட வேணாம்னு சொல்லுங்க."

"நான் வாசலை விட்டுட்டுப் போனா என் வேலை போயிடும் தம்பி. உங்க ஆபிஸ்லதானே ஆள் எடுக்கறீங்க, எனக்குப் பதிலா ஒருத்தனை அனுப்புங்க, போறேன்." சிரித்துவிட்டு வைத்தார்.

இனி ஒரே எண்தான் மிச்சம். குளிர்நிலைய அறைச் சுவரில், கதவோரம் மாட்டியிருக்கும் பழைய தொலைபேசி. நான்கு மாதம் அதன் கீழே உட்கார்ந்திருந்தவன், எண் விரலிலேயே இருந்தது. பேசி அவனை வெளியே வரவைத்துவிடலாம். அவ்வளவுதான் நினைத்தேன். அடித்தேன்.

ஒரு மணி. இரண்டு மணி.

மூன்றாவது மணி போகும்போது எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டி கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை. எண்ணெய் வடிப்பது செவ்வாய்க்கிழமை, பகல் ஷிஃப்டில், பன்னிரண்டு மணிக்குள்.

வைத்துவிட வேண்டும் என்று கைக்குச் சொன்னேன். கை கேட்கவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டான்.

"ஹலோ, பிளான்ட் ரூம்."

கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் உற்சாகமாக இருந்தது.

"ஆபிஸ்ல இருந்து பேசறேன். இப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"எண்ணெய் வடிக்கறேன் சார்."

"வால்வை யாரு பிடிச்சிருக்கா?"

"யாரும் பிடிக்க வேணாம் சார். கையை எடுத்தா மூடிக்குது, தோள் வேற வலிக்குது. ஒரு கம்பியைப் போட்டு இழுத்துக் கட்டிட்டேன். இப்ப அது பாட்டுக்கு ஓடுது." அதில் ஒரு பெருமை இருந்தது. புது வழி கண்டுபிடித்தவன் பெருமை.

போய்க் கம்பியை அவிழ் என்று சொன்னால், முகமூடி இல்லாமல் அதன் வாயிலேயே போய்க் குனிவான். ஓடு என்று சொன்னால், வால்வு திறந்தபடி கிடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மீன் பெட்டிக்கு மூடி ஒட்டிக்கொண்டிருப்பாள்.

"சார்?" என்றான். பிறகு, "சார், ஏதோ சத்தம் வருது. வாளியில இருந்து புகை மாதிரி…"

"திரும்பிப் பாக்காதே. கதவுப் பக்கத்துல சிவப்பு பட்டன் இருக்கு. அதை அடிச்சுட்டு வெளியே ஓடு. மூச்சு விடாதே. ஓடுடா!"

ரிசீவர் சுவரில் மோதியது. மறுபடி மோதியது. ஒயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது போல. ஒரு இருமல், கிழிகிற மாதிரி. பிறகு சங்கு அலறியது. கம்ப்ரசர் நின்றுபோனது. அது நின்றதும் அந்த இன்னொரு சத்தம் தெளிவாகக் கேட்டது, பெரிய பாம்பு ஒன்று மூச்சை நிறுத்தாமல் விடுவதைப் போல.

என் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. எண்ணிக்கை. திரையில் திறந்துகிடந்த மெயிலைப் படித்திருக்கிறார், ரிசீவரில் வந்ததும் அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"எத்தனை பேருக்குப் போயிருக்கு?" என்றார்.

நான் ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.

ஒயரின் அந்த முனையில் பெண்கள் கத்தினார்கள். நாற்பது குரல்களில் ஒன்றைப் பிரித்தெடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. கால்கள் ஓடின. இரும்புக் கதவு அடித்துக்கொண்டது. பிறகு வெகுநேரம் அந்தச் சீற்றம் மட்டும்.

அப்புறம் ஒரு மூச்சு கேட்டது. ரப்பர் முகமூடிக்குள் விடும் மூச்சு. நைட் ஷிஃப்டில் எத்தனையோ ஒத்திகையில் கேட்டிருக்கிறேன், அது மாமாதான். முகமூடிப் பெட்டி கதவுக்கு வெளியே இருக்கும். எடுத்து மாட்டிக்கொண்டு, எல்லோரும் ஓடிவந்த வழியில் அவர் உள்ளே போகிறார். மூச்சு என் காதைத் தாண்டிப் போனது. பத்தடி. வால்வு அங்கேதான். நான் எண்ணினேன். எட்டு மூச்சு. ஒன்பது. நடுவில் ஒன்று வராமல் நின்றது. என்னுடையதும் நின்றது.

வெட்டுக்குறடு கம்பியை நறுக்கும் சத்தம். டக் என்று ஸ்பிரிங் மூடிக்கொண்டது. சீற்றம் அறுந்தது.

"வெச்சுடு," என்றார் எண்ணிக்கை, என் காதோரம் குனிந்து. "போனை வெச்சுடு. நீதான்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பையன் தானாவே கம்பி கட்டினான். அவன் தப்புதான் அது. வெச்சுட்டு அந்த டிக்கை எடுத்துடு."

அவர் சொன்னது நிஜம். அந்தப் பழைய தொலைபேசியில் யார் அழைத்தது என்று தெரியாது, பையனிடமும் ஆபிஸ் என்றுதான் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. கட்டத்தைத் தொட்டால் டிக் போய்விடும்.

வெளியேற்றும் விசிறி ஓடத் தொடங்கியது கேட்டது. பிறகு ரிசீவரை யாரோ கையில் எடுத்தார்கள். முகமூடியை முகத்திலிருந்து விலக்கும் உறிஞ்சல் சத்தம். ஒரு இருமல்.

"யாருடா போன் பண்ணினது?" என்றார் மாமா. குரல் அவருடையதாகவே இல்லை. "எண்ணெய் வடிக்கற நேரத்துல எந்த நாய்டா போன் பண்ணினது?"

எண்ணிக்கையின் கை என் கையின் மேல் இருந்தது. உதறினேன்.

"நான்தான் மாமா."

திரையில் அந்த மெயில் இன்னும் திறந்துகிடந்தது.

"பதில் எல்லாத்தையும் நான்தான் அவனுக்கு அனுப்பிட்டேன். தெரியாம அனுப்பிட்டேன். உங்களைக் கூப்பிட்டுச் சொல்லலாம்னுதான்…" எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "அக்கா?"

"வெளியில நிக்கறா," என்றார். "அந்தப் பையனுக்குக் கண்ணு தெரியலைன்னு கத்தறான். உங்க அக்காதான் தண்ணி ஊத்திட்டிருக்கா."

"மாமா…"

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. ரிசீவரை எங்கேயோ வைத்தார். இரும்பு எதையோ தொடும் சத்தம் கேட்டது. வெட்டுக்குறடு இன்னொரு முறை நறுக்கியது, இந்த முறை மிக அருகில்.

அதன் பிறகு ஒயரில் எதுவும் இல்லை. இரைச்சல்கூட இல்லை.