முதல் போன்

புயலில் போன கரண்ட் மூன்று நாளாக வரவில்லை. கூலிக்கு மருந்தடிக்கும் என் ஸ்ப்ரேயரின் பேட்டரியை வைத்து நானே ஒரு சார்ஜர் செய்தேன். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்க ஒரு ரெகுலேட்டர், பழைய யூஎஸ்பி முனை, அவ்வளவுதான். கேள்விப்பட்டு நிலத்துக்காரர் தணிகைவேல் போனோடு வந்தார்.

“வெடிச்சிடப் போவுது. மொதல்ல உன் போனைப் போடு, செவ்வந்தி.”

என்னிடம் இருப்பது அந்த ஒரு போன்தான். செருகினேன். ரெகுலேட்டர் விரலைச் சுட்டது. திரை கருப்பாகவே கிடந்தது. வயரை அழுத்திப் பிடித்தேன். மெதுவாக ஒரு சதவீதம் என்று காட்டியது.

அவர் உடனே கையை நீட்டினார். “உன்னுத எடு. என்னுதப் போடு.”

நான் வயரை விடவில்லை.

“இன்னும் வெடிச்சாலும் வெடிக்கும் ஐயா. நூறு ஆவுற வரைக்கும் பாத்துக்கினு இருங்க.”