சர் ஹெக்டர் கெட்டவர் அல்ல

1.

ஒரு கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கலை, வரலாறு என்று எதையாவது அளந்தால் நம்பாதீர்கள்.

கடிதம் வீட்டுக்காரர் அனுப்பியது. ஆறு மாதத்துக்குள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். வுச்சீரியாச் சந்தையருகே ஒரு சந்தில் நாலாம் மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி, இதுதான் வீடு. அப்பா சுவாம்பிள்ளை மன்னாரிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகப் பலேர்மோ உணவகங்களில் கோப்பை கழுவுகிறார். இத்தாலியன் பேசுவார், வாசிக்க மாட்டார். வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். இந்த உறையை அப்பா கண்டதே புதன்கிழமைதான்.

"என்னவாம் றொனி?"

"பிறகு சொல்றன் அப்பா. கம்பஸ் வேலை கிடக்கு."

வேலை கிடந்தது உண்மை. பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்து அரசியல்வாதி ஒருவரைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை எழுத வேண்டும்.

2.

தொடக்கம் அ: 1768ஆம் ஆண்டு, மூடுபனி சூழ்ந்த ஒரு காலையில் சர் ஹெக்டர் தன் குதிரையை —

(வேண்டாம். எனக்குக் குதிரை தெரியாது.)

தொடக்கம் ஆ: சர் ஹெக்டர் பால்கோரன் இருபது வருடம் பாராளுமன்றத்தில் இருந்தார். தெரு, கால்வாய், டர்னிப் கிழங்கு தவிர வேறெதையும் பேசவில்லை.

இது பரவாயில்லை. (இணையத்தில் தேடாதீர்கள். நூலகத்தில் அகப்பட்ட மூன்று நிலக்கிழார்களைக் குழைத்து நான் செய்த ஆள். கட்டுரைக்கு உதவமாட்டார் என்பதால் கதைக்கு இடம்மாற்றினேன்.)

சர் ஹெக்டர் நிலத்தை மேம்படுத்துகிறவர். சேற்றைக் காயவைத்தார், மரம் நட்டார், வேலி போட்டார். நன்றாக உழைக்கும் குடியானவரின் தோளில் தட்டிக்கொடுத்தார். அவரை எழுதுவதில் சிக்கலே இதுதான். கெட்டவராக்கினால் கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

3.

அவருடைய குடியானவன் டொனால்ட்.

"துரை, எட்டு வருசமா வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிச்சனான். ஒருக்கா வந்து பாருங்கோ, ஓட்ஸ் இடுப்பளவுக்கு நிக்குது."

"அருமை, டொனால்ட். உன்னிடம் விட்டுவைக்க முடியாத அளவுக்கு நல்ல நிலமாக்கிவிட்டாய்."

(ஸ்கொட்லாந்துக் குடியானவன் மன்னார்த் தமிழா பேசினான் என்று கேட்பீர்கள். கேலிக் மொழி எனக்குத் தெரியாது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது அப்பாவின் பேச்சு.)

4.

நாங்கள் வந்தபோது மொட்டைமாடியில் புறா எச்சமும் உடைந்த குளிர்சாதனப் பெட்டியும்தான் இருந்தன. அப்பா எல்லாவற்றையும் நாலு மாடி இறக்கினார். பழைய குளியல் தொட்டியில் முருங்கை வைத்தார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் முன்னர் சுவருக்கு வெள்ளை அடித்தார். செப்டெம்பரில் வீட்டுக்காரர் மேலே வந்து, துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் திரும்புவதைப் பார்த்து, "பிராவோ!" என்று அப்பாவின் தோளில் தட்டி, படமும் எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தட்டலை அப்பா எங்கள் கோயில் பங்குச் சனம் முழுவதுக்கும் சொல்லித் திரிந்தார்.

அந்தப் படங்கள் இப்போது உல்லாசப் பயணிகளுக்கான வாடகை இணையத்தளமொன்றில் இருக்கின்றன. முருங்கையும் தெரிகிறது.

சனிக்கிழமை வீட்டுக்காரர் மறுபடி வருகிறார், அளவெடுக்க. ஏதோ திருத்த வேலையாக்கும் என்று அப்பா வரவேற்புக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார்.

"கோயில் மதிலுக்குக் கூப்பிட்டா முதுகு நோகுது எண்டுவியள்," என்றார் அம்மா. "வீட்டுக்காரன்ர சுவரெண்டா முதுகு நோகாதோ?"

"நீர் சும்மா இரும் புனிதம். வடிவா வச்சிருந்தா ஆரப்பா எழும்பச் சொல்லுவான்?"

நான் மடிக்கணினியைத் திறந்து 'சர் ஹெக்டர் கெட்டவர் அல்ல' என்று இன்னொரு தடவை தட்டினேன்.

5.

வியாழன் பின்னேரம் அப்பா தூரிகையோடு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"என்னடா, நெடுக எழுதிக்கொண்டிருக்கிறாய்?"

டொனால்டைப் பற்றிச் சொன்னேன். கடிதத்துக்கு ஓர் ஒத்திகை என்று நினைத்துக்கொண்டேன்.

"கடைசியில அவன் என்ன செய்தவன்?"

"ரெண்டு மூண்டு முடிவு கிடக்கு. வாய்க்காலை மூடித் தண்ணியைத் திருப்பி விடுறான்."

"விசரோ? ஓட்ஸ் நிக்குதெல்லோ!"

"இல்லாட்டிக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போறான்."

"அங்கையும் சேறாத்தான் குடுப்பாங்கள்." சிரித்தார். பிறகு, "எழும்பச் சொன்னதை அவனுக்கு ஆர் சொன்னது? துரை நேர வந்தவரோ?"

"இல்லை. கடிதம்."

"டொனால்டுக்கு வாசிக்கத் தெரியுமோ?"

தெரியாது என்று நான் எழுதியிருக்கவில்லை.

அப்பா தூரிகையைக் கீழே வைத்தார். "எங்கட கடிதத்தை எடு."

வாசித்தேன். இந்த முறை ஒரு வரியும் விடவில்லை, மென்மையாக்கவும் இல்லை.  முடிந்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:

"இது எப்ப வந்தது?"

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று, "நேற்று." மற்றது, "ஒன்பது நாளாச்சு." அந்த ஒன்பது நாளில் அவர் இரண்டு சுவரும் படிக்கட்டும் அடித்து முடித்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதுவென்று நீங்களே எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு விபரம்: கடித உறை அப்பாவின் கையில் இருக்கிறது. இத்தாலிய எழுத்துத்தான் அவருக்கு வராது. தபால் முத்திரையிலுள்ள திகதி இலக்கங்கள் வரும்.