சுவரோரப் படுக்கை

எனக்கு வாய் நீளம். செக்காலையில் அது தெரியாதவர்கள் இல்லை. அந்த வாயால் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எழுபத்தாறில் என் மகன் சம்சுதீனுக்குக் கல்யாணம் முடிந்தது. நாற்பது நாளில் சிங்கப்பூருக்குக் கப்பலேறியவன், பெண்டாட்டிக்கு வேர்க்கக்கூடாது என்று ஒரு ஏ.சி. பெட்டியை அனுப்பிவைத்தான். எங்கள் தெருவில் அதுதான் முதல் ஏ.சி. ஆசாரி கருத்தையா அதைச் சன்னலில் பொருத்தினார். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நின்றது.

"இதென்ன, கள்ளுக் குடிச்சவன் மாதிரிச் சாஞ்சு நிக்குது?" என்றேன்.

"இப்படித்தேன் வைக்கணும்னு தம்பி எழுதியிருக்காக."

எனக்குப் பொறுக்குமா? பின்னால் கட்டை கொடுத்துத் தூக்கவைத்தேன்.

மருமகள் பல்கீஸ் அந்த அறையில்தான் தனியாகப் படுப்பாள். புதுவயல் அரிசி மில்லில் வேலை பார்ப்பவரின் மகள், பத்தொன்பது வயது. ஒரு மாதம் கழித்து விரிப்பு மாற்றப் போனேன். சுவரோரம் மெத்தை நனைந்திருந்தது. மட்கிய வாடை வேறு. மறுநாளும் ஈரம்.

"என்னடி இது?"

"தெரியல மாமி."

"நீ படுக்குற மெத்தையை ஊராளா வந்து நனைச்சா?"

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவள் அம்மா ஷரபுன்னிசாவை வரச்சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருக்கும்போதே கேட்டேன். "சம்பந்தி, படுக்கையில ஒண்ணுக்குப் போற பிள்ளையை மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டீகளே. கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாருங்க. சரியாகலைன்னா என் மகனுக்குக் கடுதாசி போட்டுருவேன்."

அந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, மகள் கையைப் பிடித்துப் புதுவயலுக்குக் கூட்டிப்போனாள். பல்கீஸ் தலையே நிமிரவில்லை.

புது மெத்தை வாங்கிப் போட்டு, மத்தியானத்தில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நான் அங்கே படுக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் விழித்தபோது என் இடுப்புப் பக்கம் ஈரம். அறுபது வயதில் நானா? கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு விரிப்பை நானே அலசினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளும் ஈரம். பிறகுதான் கட்டிலை இழுத்துப் பார்த்தேன். சன்னலுக்குக் கீழே சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது. ஏ.சி.யிலிருந்து தண்ணீர் அதன்மேல் வழிந்து மெத்தைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

கருத்தையா வந்து பார்த்தார். "வெளிய போக வேண்டிய தண்ணி உள்ள வருது. கட்டை வைக்கச் சொன்னது நீங்கதேன்" என்றார். கட்டையை உருவி என் காலடியில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியே புதுவயல் பஸ் ஏறினேன்.

ஷரபுன்னிசா 'வாங்க' என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பல்கீஸ் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"மாமி, இங்க வந்து ஒரு நாளும் நனையல. பொழுது சாஞ்சா நான் தண்ணியே குடிக்கிறதில்ல. அவுகளுக்குக் கடுதாசி போட்டுறாதீக."

 உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "நீ எப்பவுமே நனைக்கலம்மா. நனைச்சது நான்தான்."

தன்னைத் தேற்றத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மாமி, நான்தான்" என்றாள்.