எம்டனை நெய்ய மறுத்தவள்

ஜெர்மனியிலிருந்து வந்த கிளாரா, முந்தானையில் ஒரு போர்க்கப்பலை நெய்து தரும்படி கேட்டாள். முதல் உலகப் போரில் நம் கடலில் சரக்குக் கப்பல்களைத் துரத்திப் பிடித்து மூழ்கடித்த எம்டன். அவள் பாட்டியின் அப்பா அதில் கரி அள்ளிப் போட்டவராம். சேலை அந்தப் பாட்டிக்கு.

ஏலவார்குழலி தறியை விட்டு எழுந்தாள். "அது சென்னை மேல குண்டு போட்டப்போ எங்க கொள்ளுத்தாத்தா துறைமுகத்துல செத்தாரு. என் கையால அத நெய்யமாட்டேன்மா."

கணவன் குமரகுரு அதை இங்கிலீஷில் சொன்னான். கிளாராவின் முகம் வாடிவிட்டது.

"பாட்டியின் அப்பா, பிடித்த கப்பல்களின் ஆட்களைப் பத்திரமாக அனுப்பிவைத்ததைப் பெருமையாகச் சொல்வாராம். சென்னையைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாராம்" என்றாள். மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதன்பின் ஏலவார்குழலிக்கு வேலையே ஓடவில்லை. எம்டன் கடைசியில் என்ன ஆனது என்று கேட்டாள். கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் அடித்து நொறுக்கியதையும், அதிலிருந்த பலர் இறந்ததையும் குமரகுரு சொன்னான்.

"அவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதானே. நெய்யறேன்னு போன் பண்ணிச் சொல்லுங்க."

கிளாரா விமான நிலையத்தில் இருந்தாள். "வேண்டாம். அவர் கொள்ளுத்தாத்தா இறந்ததைப் பாட்டியிடம் சொன்னேன். அந்த வீட்டுத் தறியில் அந்தக் கப்பல் ஏறக்கூடாது என்று அழுதார்."

குமரகுரு போனை வைத்தான். ஏலவார்குழலியிடம் அதைச் சொன்னான்.

"வூட்டுக்கு வந்த பொண்ணு. ஒரு வாய் தண்ணிகூட குடுக்காம அனுப்பிட்டேனே" என்றாள்.