மஞ்சள் கரு

பஸ் டிரைவருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது. மூன்று மாதத்தில் சாப்பாட்டாலேயே இறக்கிக் காட்டினால் ஆயிற்று, இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போ டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இறக்குவது யார்? மனைவிதான். வெந்தயம் ஊறவைத்தாள், ஆளி விதையை வறுத்துப் பொடித்தாள், பூண்டு உரித்து உரித்து விரல் நுனி எரிந்தது. காலையில் இரண்டு முட்டை, அவருக்கு வெள்ளைக் கரு மட்டும். கோழியில் தோல் ஆகாது, பாலில் ஆடை ஆகாது.

ஆகாததெல்லாம் எங்கே போயிற்று என்று அந்த மகானுபாவர் ஒருநாளும் கேட்கவில்லை. அவளுக்கோ எதையும் கொட்ட மனசு வராது. "கொட்டுறதுக்கா காசு குடுத்து வாங்கினோம்?" என்று அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். கொஞ்ச நாளாக மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏறி வா, உனக்காக பஸ் நிக்காது" என்று மேலே நின்று சிரிப்பார் இவர்.

மூன்று மாதம் கழித்து எண் இறங்கிவிட்டது. ரிப்போர்ட்டை டிப்போ முழுக்கக் காட்டினார். "கட்டுப்பாடு வேணும்ப்பா, எல்லாத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும்." பூண்டு உரித்தவளைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீடு திரும்பியபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள், காய்கறிப் பை பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. உடம்பெல்லாம் வேர்வை. பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கு. இவங்க இதுக்கு முன்னாடி பரிசோதனை பண்ணதே இல்லையா?"

"இல்ல சார். எனக்குத்தான் பண்ணுவோம்."

"வீட்ல என்ன சாப்பிடுவாங்க?"

டிரைவர் முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார், அவள் தட்டைப் பார்த்த ஞாபகமே இல்லை. அடுப்படியில் அவள் நின்றபடியே மெல்லுவதுதான் நினைவுக்கு வந்தது. "நான் சாப்பிடாததை" என்றார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"காலைல எடுத்த மஞ்சள் கரு கிண்ணத்துல அப்படியே இருக்கு," என்றாள். "நீங்க தொட்டுடாதீங்க. நான் வந்து சாப்பிட்டுக்கறேன்."