கடைப் புனல்

என் கணவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். எதையும் விழுங்க முடியாமல் போனபோது வயிற்றில் துளையிட்டு ஒரு ரப்பர் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் வாயில் புனலைச் செருகி, கரைத்த சத்துமாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் ஊற்ற வேண்டும்.

எனக்கு எதற்கெடுத்தாலும் குமட்டும். அவர் மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர். ஆயில் நாற்றம் எனக்கு ஆகாது. வாசலிலேயே சட்டையைக் கழற்றி, சோப்புத்தூளால் முழங்கைவரை தேய்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான். தலைக்கு வைக்கும் எண்ணெயைப் புட்டியில் ஊற்ற வீட்டில் ஒரு புனல், எஞ்சின் ஆயிலுக்குக் கடையில் ஒரு புனல். அது இந்த வாசற்படி ஏறக் கூடாது.

குழாயைச் சுற்றிச் சீழும் மாவும் சேர்ந்து புளித்து நாறும். மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றுவேன். அவர் கண்டுபிடித்துவிடுவார்.

"மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கோ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"பழைய பாட்டுல புனல்னா வெள்ளம், தெரியுமா?" என்று பேச்சை மாற்றுவேன்.

"வெள்ளமெல்லாம் வேணாம் தாயே. மெதுவா ஊத்து, டேங்க் வழியுது."

முதல் வாரமே மருத்துவமனைப் புனல் விரிசல் விட்டது. அவரோடு கடையில் வேலை செய்த கொழுந்தன் வேறொன்று கொண்டுவந்தான். "புதுசு அண்ணி" என்றான். வெள்ளை பிளாஸ்டிக், விளிம்பில் ஒரு சூட்டுத் தழும்பு, லேசாக ஒரு வாடை. பிளாஸ்டிக் வாடை என்று நினைத்துக் கொதிநீரில் மூன்று முறை கழுவினேன். அன்றிலிருந்து, ஊற்றுவதற்கு முன் அவர் அதை வாங்கி முகர்ந்து பார்ப்பார். "சுத்தமா கழுவியிருக்கியான்னு பாக்கறேன்" என்பார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் இருந்தேன்.

நாலு மாதத்தில் போய்விட்டார். வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு பார்த்தால் புனலைக் காணோம். கடைசியில் அவருக்கு வாயாக இருந்தது அதுதான். அது எனக்கு வேண்டும். கொழுந்தனிடம் கேட்கலாம் என்று கடைக்குப் போனேன்.

பழைய ஆயில் டின்னில் செருகியிருந்தது. கறுத்த ஆயில் சளி மாதிரி இழுபட்டு அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் அதே தழும்பு.

"உங்க அண்ணன் சாப்பிட்டது அதுலடா. உனக்குக் குமட்டலயா?"

கொழுந்தன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இது கடைப் புனல் அண்ணி. இங்கேருந்துதான் உங்க வீட்டுக்கு வந்துச்சு."

"புதுசுன்னு சொன்னே."

"அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. புதுசு வாங்கத்தான் கிளம்பினேன். 'வேணாம், கடையில இருக்கறதை எடுத்துட்டு வா. லேசா சோப்பு போடு, வாடை போயிடக் கூடாது. உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் வாசல்லயே நிறுத்திடுவா'ன்னாரு. எல்லாம் முடிஞ்சதும் கடைக்கே கொண்டுபோயிடச் சொன்னாரு."

சாக்கடை ஓரம் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். நாலு மாதம் அந்த அசிங்கத்தின் வழியாகவா என் கையால் ஊற்றினேன்? அவன் மேல் அருவருப்பு, செத்தவர் மேல் அருவருப்பு. வாசலில் சோப்புத்தூளோடு காவல் நின்றவள் மேல் அதைவிட அதிகம்.

திரும்பி வந்து புனலை உருவினேன்.

"துடைச்சுத் தரேன் அண்ணி."

"வேணாம்."

வழியெல்லாம் புடவையில் சொட்டியது. வாசலில் சோப்புத்தூள் டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. கழுவாமல் உள்ளே எடுத்துப் போனேன்.