செந்தூர்பாண்டிக்கு வராத ஞாயிறு

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் செந்தூர்பாண்டிக்கு ஏழு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. சனி இரவு படுப்பார். கண் விழித்தால் திங்கட்கிழமை. நடுவில் ஒரு பகல் முழுக்கக் கட்டில் காலியாகக் கிடக்கும். மனைவி பொன்னுத்தங்கம் பயந்துபோய் மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் சத்து மாத்திரை எழுதித் தந்தார். செந்தூர்பாண்டிக்கு வருத்தமில்லை. மிஷின் ஓடாத நாளில் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பவர் அவர். சும்மா போகிற நாள் ஒழிந்ததென்று இரண்டாவது மிஷின் வாங்கினார், பிறகு மூன்றாவது.

மகள் கீர்த்திகாவுக்கு முன்பல் விழுந்ததும், அவள் சைக்கிள் பழகியதும் ஞாயிறுகளில்தான். ஒரு திங்கள் காலை தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னத்துக்குச் சிரிக்கீக?"

"அது நேத்து நடந்ததுப்பா. சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது."

வற்புறுத்திச் சொல்லவைத்தார். அம்மாவின் முந்தானையை ஆடு மென்ற கதை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க மிஷினுக்கும் மேஜைக்கும் நடந்தார், டீ ஆறிப்போனது. வாரக்கணக்கில் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனாலும் ஞாயிறு அவரைத் தாண்டியே போனது.

சீசன் உச்சத்தில், ஒரு வியாழக்கிழமை, மூன்று மிஷின்களையும் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

"சீசன்ல எங்கன கூப்பிடுதீக? ஆர்டர் போயிருமே!" என்றார் பொன்னுத்தங்கம்.

"போனாப் போகுது. சும்மா வாங்க."

ஆனைக்குட்டம் அணைக்கரையில் உட்கார்ந்தும் அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. போன் அடிக்க அடிக்கக் கை சட்டைப்பைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. சாயங்காலத்துக்குள் பெரிய ஆர்டர்கள் இரண்டு வேறு கம்பெனிக்குப் போயின. கீர்த்திகா அவர் தொடையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். அதன்பிறகு கால் ஆடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அவர் வீட்டுக்குள் மட்டும் ஞாயிறாக விடிந்தது. தெருவில் செவ்வாய், வாசற்படி தாண்டினால் ஞாயிறு. விட்டுப்போன ஞாயிறுகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. இரண்டு மிஷின்களை விற்றார். பியூலா டீச்சர், கீர்த்திகாவின் லீவுக்குக் காரணம் கேட்பதை நிறுத்தினார்.

போன புதன்கிழமை ஆர்டர் கொடுக்க வந்த விருதுநகர் பருப்பு வியாபாரி, அச்சகம் பூட்டிக்கிடப்பதைப் பார்த்து வாட்ச்மேன் செல்லப்பாண்டியிடம் விசாரித்தார்.

"அண்ணாச்சிக்கு இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க."

"அப்படியா? அப்ப நாளைக்கு வாரேன்" என்று வியாபாரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.